போ என்று சொல்லாத தடை

கோகிலவாணி என்ன வேலை செய்கிறாள் என்று மலைமேல் இருக்கும் ஈச்சங்காட்டூரில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். "கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுது" என்பார் ஒருவர். "பெங்களூர் கம்பெனிக்கு நெட்டு ரிப்பேர் பண்ணுது" என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டு வடிவு மட்டும், "பொய்யா ஒரு நெட்டு பண்ணி, அதுக்குப் பொய்யா ஒரு பூட்டும் போட்டு, பூட்டிகீதா இல்லியான்னு பாத்துகினு கீது. அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க, கலிகாலம்" என்பாள். வடிவு சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி.

உலகத்தில் பல இடங்களில் சில இணையப் பக்கங்களைத் திறக்க விடமாட்டார்கள். தடுக்கிறோம் என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். பக்கம் வராதவர் தன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோளாறு போனிலா, கம்பியிலா, இல்லை நடுவில் யாராவது மறிக்கிறார்களா என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மென்பொருள் இருக்கிறது. அந்த மென்பொருளுக்குள் ஓடும் சோதனைகளை எழுதுவதும், அவை சரியாகச் சொல்கின்றனவா என்று பார்ப்பதும்தான் கோகிலவாணியின் வேலை. தராசு சரியா என்று பார்க்க வேண்டுமானால் எடை தெரிந்த கல்லைத்தானே தட்டில் வைக்க வேண்டும்? அதுபோல, தடை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஓர் இணையம் அவளுக்கு வேண்டும். அப்படி ஒன்றைத் தன் லேப்டாப்புக்குள்ளேயே அவள் கட்டி வைத்திருந்தாள்.

பிள்ளைகள் மண்ணைக் குவித்து வீடு கட்டி, கல்லை ஆடு என்றும் குச்சியை ஏர் என்றும் வைத்து விளையாடும் அல்லவா, அந்த மாதிரிதான். ஒரே லேப்டாப்புக்குள் நாலைந்து கணினிகள் இருப்பதாகப் பாவனை. ஒன்று பக்கம் கேட்கும் வீடு, ஒன்று பக்கம் தரும் கடை. நடுவில் ஒரு வழி, அந்த வழியில் ஒரு காவல்காரன். கம்பியும் இல்லை, பெட்டியும் இல்லை. இதில் பெரிய வேடிக்கை, இணையத்தைப் பற்றிய இந்த வேலைக்கு இணையமே வேண்டியதில்லை. மழை பிடித்து டவர் படுத்துக்கொண்ட நாளில்தான் அவளுக்கு வேலை நன்றாக ஓடும். கூரைமேல் சோலார் பலகை இருந்தது. மேலே சூரிய பகவான் பார்த்துக்கொண்டார், கீழே அவள் பார்த்துக்கொண்டாள்.

காவல்காரர்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள்தான் கொஞ்சம் வம்பு. ஒருவன், கேட்ட கடைக்கு வழி சொல்லாமல் வேறெங்கோ அனுப்பிவிடுவான். அவனுக்கு 'வடிவு' என்று பெயர். இன்னொருவன் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வெடுக்கென்று அறுத்துவிடுவான். அது மாமியார் 'அம்மாக்கண்ணு'. எத்தனை தரம் கேட்டாலும் பதிலே பேசாத மூன்றாவது ஆள் புருஷன் 'ராஜவேலு'. ஒருநாள் மோர் வாங்க வந்த வடிவு திரையை எட்டிப் பார்த்து, ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படித்தாள்.

"வடிவு, பொய்யான வழி காட்டியது, பிடிபட்டது. இன்னாடி இது? எங்கடி காட்டுனேன் பொய் வழி?"

"அக்கா, அது நீ இல்ல. அது ஒரு மெஷினு."

"மெஷினுக்கு எம் பேரு எதுக்கு? ஒம் மாமியா பேர வையேன்."

"வச்சிகீறேன். கீழ பாரு."

வடிவு கீழே பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவள், மோரை மறந்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அம்மாக்கண்ணு கோபித்துக்கொள்ளவில்லை. "பிடிபட்டுச்சா நானு?" என்று மட்டும் கேட்டார். "பிடிபட்டீங்க அத்த" என்றாள் கோகிலவாணி. "அப்ப சரி, மெஷினு நல்ல மெஷினுதான்" என்றார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்புக்குத்தான் வைகாசியில் ஒரு சோதனை வந்தது.

அவளுடைய மேலாளர் பிரியதர்ஷினி, மலைக்குக் கீழே உள்ள கண்ணமங்கலத்துப் பெண். பெங்களூரில் இருந்துகொண்டு, நாலு ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களை ஒரு கயிற்றில் கட்டி மேய்ப்பவர். கெட்டவர் இல்லை, கறாரானவர். ஒருநாள் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"கோகிலா, நீ போடற பூட்ட நீயே தொறக்கற. அது பரீட்சையே கிடையாது. நான் ஒரு காவல்காரன் செஞ்சு அனுப்பறேன். அது உள்ள இன்னா கீதுன்னு தொறந்து பாக்கக் கூடாது. அப்படியே தூக்கி உன் வழியில வை. அது இன்னா தப்பு பண்ணுதுன்னு உன் சோதனைதான் கண்டுபுடிக்கணும்."

"சரிங்க மேடம்."

"கண்டுபுடிச்சிட்டா மலையிலயே இருந்து வேல பாரு, யாரும் கேக்க மாட்டாங்க. முடியலன்னா அடுத்த மாசம் பெங்களூருக்கு வந்துடணும். தனியாவே இருந்தா ஒரே மாதிரி பாத்துப் பாத்துக் கண்ணு பழகிப் போய்டும். பக்கத்துல நாலு பேரு இருந்தாதான் தப்பு தெரியும். வெள்ளிக்கிழம நான் ஊருக்கு வர்றேன், அப்படியே மேல வந்து பாத்துட்டுப் போறேன்."

பெங்களூர் கோகிலவாணிக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன் அங்கே இருந்தவள்தான். ஆனால் இப்போது இரண்டு வயதில் கவியா இருக்கிறாள். ராஜவேலுவுக்கு ஜீப்பும் சாமைக் கொல்லையும் இங்கே. அவனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவதும் பலா மரத்தைப் பிடுங்கித் தொட்டியில் வைப்பதும் ஒன்றுதான். அப்படியென்றால் அவள் அங்கே, பிள்ளையும் புருஷனும் இங்கே. அம்மனை நினைத்துக்கொண்டு, வந்த காவல்காரனைத் தன் பொய் ஊரின் வழியில் நிறுத்தினாள்.

சோதனை ஓடியது. 'தடை இல்லை' என்று வந்தது.

மறுபடி ஓட்டினாள். அதே பதில். கடை திறந்திருக்கிறது, வழி சரியாக இருக்கிறது, பேச்சு அறுபடவில்லை, பக்கம் முழுசாக வந்து சேர்ந்தது. வர நேரமாகிறது, அவ்வளவுதான். நேரமாவது ஒரு குற்றமா? புதூர்நாட்டிலிருந்து பஸ் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது? கோகிலவாணி எழுதிய சோதனையில் மலையின் பொறுமை அப்படியே இருந்தது. பக்கம் வரச் சுணங்கினால், 'அவசரப்படாதே, காத்திரு, வந்துவிட்டால் திறந்திருக்கிறது என்று எழுதிக்கொள்' என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தாள். பெங்களூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் ஒரு கொட்டாவி விடும் நேரத்துக்குள் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் சந்தேகமும் வந்திருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊர்த் திருவிழாவுக்கு அம்மனிடம் பூ கேட்டார்கள். வழக்கமாக அடுத்த வாரத்துக்குத்தான் உத்தரவு தருவாள். இந்த வருஷம் அம்மனுக்கு என்ன அவசரமோ, கேட்டதுமே வலப்பக்கத்துப் பூ பொத்தென்று விழுந்தது. புதன்கிழமையே காப்புக் கட்டிவிட்டார்கள்.

காப்புக் கட்டினால் வெளியூர்க்காரர் எல்லை தாண்டி உள்ளே வரக் கூடாது. ஊர்க்காரர் பகலில் வெளியே போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். செருப்பு கூடாது, எண்ணெயில் தாளிக்கக் கூடாது. பிரியதர்ஷினிக்கு 'வெள்ளிக்கிழமை வராதீங்க மேடம், காப்பு' என்று கோகிலவாணி செய்தி அனுப்பினாள். டவர் இல்லை. பாறைமேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். போனது மாதிரி இருந்தது. போகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. செய்தி கிடைத்திருக்கும், வரமாட்டார் என்று ஒரு மனம். கிடைக்காவிட்டால் வருவாரே என்று இன்னொரு மனம். காலையிலிருந்து வாசலுக்கும் லேப்டாப்புக்குமாக நடந்தாள். சோதனையை இன்னொரு தரம் ஓட்டினாள். 'தடை இல்லை.' கூழ் குடித்தாள். கவியாவைத் தூங்க வைத்தாள். உச்சி வெயில் சாய்ந்தது. மேடம் இன்னும் வரவில்லை. வந்தாலும் பாதை அப்படி, ஜீப் அப்படி, மெதுவாகத்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வடிவு ஈரக் கையோடு வந்து வேலியோரம் நின்றாள்.

"ஏ கோகிலா, உன்னத் தேடிகினு ஒரு அம்மா வந்துகீறாங்க, தெரியுமா?"

"எங்க?"

"எல்லப் புளியமரத்தாண்ட. நீலச் சுடிதார், கண்ணாடி. உன் மாமனார் கட்டில் போட்டு உக்கார வச்சிகீறாரு. கூழு குடுத்தாரு, பலாச்சொள குடுத்தாரு, இப்ப மறுபடியும் கூழு."

கோகிலவாணிக்குத் தலையில் கைவைக்கத் தோன்றியது. மாமனார் ரங்கசாமிதான் இந்த வருஷம் எல்லைக் காவல். காப்பு நாளில் எல்லைக் காவலுக்கு ஒரு முறை உண்டு. வந்தவரை வா என்று சொன்னால் காப்புக்குத் தப்பு. போ என்று சொன்னால் பாவம், விருந்தாளி வேஷத்தில் அம்மனே வந்திருந்தால் என்ன செய்வது? அதனால் இரண்டையும் சொல்வதில்லை. உட்கார வைப்பார்கள். தண்ணீர் தருவார்கள், கூழ் தருவார்கள், பெற்றோர் சௌக்கியம் கேட்பார்கள், மழை பற்றிப் பேசுவார்கள். 'நான் உள்ளே போகலாமா?' என்று கேட்டால், 'இருங்க, இதோ ஆளு வருது' என்பார்கள். ஆள் வராது. பொழுது சாய்ந்ததும் வந்தவரே, 'சரி, இன்னொரு நாள் வர்றேன்' என்று எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மனசு நோகாமல் காரியம் முடிந்துவிடும்.

"எப்ப வந்தாங்க அக்கா?"

"எப்பவா? நானும் அவங்களும் புதூர்நாட்டுல வாடக ஜீப்பு ஒண்ணுல ஒண்ணா ஏறுனோம்டி. மரத்தாண்ட ஒண்ணாதான் எறங்குனோம். நான் வந்து, அடுப்பு மூட்டி, துணி தொவச்சு, அதுவும் காஞ்சி போச்சு. அவங்க இன்னும் அங்கயே உக்காந்துகினு கீறாங்க."

கோகிலவாணி ஓட்டமாகக் கிளம்பினாள். நாலடி வைத்தவள் நின்றாள்.

ஒரே ஜீப். ஒரே பாதை. ஒரே நேரம். ஒருத்தி வந்து துணியும் காயவைத்துவிட்டாள், இன்னொருத்தி வந்து சேரவில்லை. பாதை மோசமென்றால் வடிவுக்கும்தானே நேரமாகியிருக்க வேண்டும்?

"அக்கா! நீ நல்லா இருக்கணும்!" என்று கத்திவிட்டு, உள்ளே ஓடி லேப்டாப்பைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடினாள். வடிவுக்கு எதற்கு இந்த ஆசீர்வாதம் என்று புரியவில்லை. வந்ததை வேண்டாம் என்று சொல்வானேன் என்று வைத்துக்கொண்டாள்.

புளியமரத்தடியில் பிரியதர்ஷினி கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ரங்கசாமி எதிரே குந்தி, சாமைக்கும் தினைக்கும் உள்ள வித்தியாசத்தை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா கோகிலா!" என்றார் பிரியதர்ஷினி. "உன் மாமனாரு மாதிரி மனுஷன நான் பாத்ததே இல்ல. இப்ப வருவே, அப்ப வருவேன்னு சொல்லிகினே இருந்தாரு. போகலாமான்னு கேட்டா ஒரு பலாச்சொள குடுக்கறாரு."

"மேடம், மாமா உங்கள உள்ள வுடல."

"இன்னா?"

"காலையிலேந்து உங்களத் தடுத்து வச்சிகீறாரு. காப்புக் கட்டிகீது மேடம். சேதி அனுப்புனேன், வரல போல."

பிரியதர்ஷினி ரங்கசாமியைப் பார்த்தார். ரங்கசாமி தரையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் வராதன்னு சொல்லலியேம்மா" என்றார் மெல்ல.

பிரியதர்ஷினி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்தன. "கண்ணமங்கலத்துல பொறந்து, தடையப் பத்தியே இத்தன வருஷம் வேல பாத்துகினு, மூணு தம்ளர் கூழு குடிச்சும் எனக்குத் தெரியல பாரு!"

"நீங்க அனுப்பின காவல்காரனும் இதத்தான் பண்றானா மேடம்?"

சிரிப்பு சட்டென்று நின்றது. மேலாளர் முகம் திரும்பி வந்தது. "நான் சொல்ல மாட்டேன். உன் சோதன சொல்லட்டும். பொழுது சாயற வரைக்கும் இருக்கேன். சாயங்கால ஜீப்பு வந்தா கெளம்பிடுவேன்."

கட்டிலின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் கோகிலவாணி. ரங்கசாமி, கட்டில் எல்லைக்கு வெளியே இருப்பதால் இதில் காப்புக்குத் தப்பு ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தார்.

கோகிலவாணி வேகமாக மாற்றி எழுதினாள். இதுவரை அவளுடைய பொய் வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆள்தான் சந்தேகப்பட்ட கடைக்குப் போய்வந்தான். இனி இரண்டு பேரை ஒன்றாகக் கிளப்ப வேண்டும். ஒருவன் சந்தேகப்பட்ட கடைக்கு, மற்றவன் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சாதாரணக் கடைக்கு. பாதை ஒன்று, நேரம் ஒன்று. இரண்டு பேருக்கும் தாமதமானால் பாதையின் குற்றம். ஒருவனுக்கு மட்டும் தாமதமானால் நடுவில் யாரோ கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டினாள். திரையில், 'தடை உண்டு: வேண்டுமென்றே தாமதம்' என்று வந்தது. திரையைப் பிரியதர்ஷினி பக்கம் திருப்பினாள்.

பிரியதர்ஷினி தலையை ஆட்டவில்லை. தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "இதுல இன்னொரு காவல்காரன் கீறான். அவன எடுத்துட்டு இவன வை."

வைத்தாள். ஓட்டினாள். 'தடை உண்டு' என்றே வந்தது.

"தப்பு" என்றார் பிரியதர்ஷினி. "இவன் நல்லவன். ஒண்ணும் தடுக்கல. வெறும் மோசமான பாத, உங்க ஊரு பாத மாதிரி. இல்லாத தடைய இருக்குன்னு சொல்றதும் பொய்தான் கோகிலா. அதுவும் பெரிய பொய்யி."

கோகிலவாணி முகம் வாடியது. மரத்துக்குப் பின்னால் வெயில் மஞ்சளாகிவிட்டது. உள்ளே கோயில் பக்கம் மேளத்தைக் காய்ச்சும் சத்தம் கேட்டது. விளக்கு வைப்பதற்குள் அவள் எல்லைக்குள் திரும்ப வேண்டும். கண்ணை மூடி, 'தாயே, ஒரு வழி காட்டு' என்றாள். 

கண்ணைத் திறந்தபோது அவளுக்குத் தோன்றியது சாதாரண விஷயம்தான். இரண்டு பேரைப் பார்த்தால் போதுமா? ஒருநாள் வடிவு முந்தி வந்ததற்கு அவள் நடை வேகமும் காரணமாக இருக்கலாமே. மோசமான பாதையில் யாருக்கு எப்போது சக்கரம் சிக்கும் என்று யார் கண்டது? ஒரு ஜோடியை வைத்து யார் மேலும் பழி போடக் கூடாது. ஜோடி ஜோடியாக, மாற்றி மாற்றி, நிறையப் பேரை அனுப்பிப் பார்க்க வேண்டும். எந்நேரமும் அதே கடைக்குப் போகிறவனே மாட்டினால்தான் அது தடை. அவனும் மாட்டி இவனும் மாட்டினால் அது பாதை.

எழுதி முடித்து ஓட்டிவிட்டாள். சோதனை நிதானமாக ஓடியது. இரண்டு பெண்களும் திரையைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கசாமி மெதுவாக, "அந்தக் காவல்காரனுக்கு எம் பேரு வச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல மாமா, வைக்கட்டுமா?" என்றாள். "வச்சிக்க, வச்சிக்க. நானும் இன்னிக்கித்தான் மாட்டுனேன்" என்றார் பெருமையாக.

திரையில் எழுத்து வந்தது. நல்லவனுக்கு, 'தடை இல்லை, பாதை மோசம்'. பழையவனை மறுபடி வைத்து ஓட்டியபோது, 'தடை உண்டு: இந்தக் கடைக்கு மட்டும் வேண்டுமென்றே தாமதம்'.

கீழே வளைவில் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. பிரியதர்ஷினி எழுந்து சுடிதாரில் ஒட்டிய புளியஞ்சருகைத் தட்டிவிட்டார்.

"ரெண்டும் சரி" என்றார். "போன தடவ நாம வெளியிட்ட சாஃப்ட்வேர்ல இந்தத் தப்பு இருந்துச்சு. ரெண்டு ஊருல, தடையே இல்லன்னு சொல்லிட்டோம். பாவம், அங்க ஜனங்க போன தட்டிகினு உக்காந்துகினு இருந்தாங்க. அதுக்காகத்தான் இந்தக் காவல்காரன செஞ்சேன்."

"அப்ப நானு, மேடம்…"

"நீ பெங்களூருக்கு வர வேணாம். ஆனா ஒண்ணு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து எல்லார் கூடயும் ரெண்டு நாளு உக்காரணும். கண்ணு பழகிப் போய்டும்னு நான் சொன்னது பொய் இல்ல."

"இல்லீங்க மேடம், நெசம்தான். நேரமானா நேரமாவட்டும்னு வுட்டது என் தப்புதான்" என்றாள் கோகிலவாணி. சொன்ன வாய் மூடவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தது.

ரங்கசாமி ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கி வந்து ஜீப்பின் பின்னால் வைத்தார். பிரியதர்ஷினி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அது நடக்கவில்லை. "காப்பு அவுத்தப்புறம் வாங்கம்மா, வூட்டுல உக்காந்து தாளிச்ச கொழம்பு சாப்பிடலாம்" என்றார். இந்தத் தடவை, வா என்று தாராளமாகச் சொன்னார்.

ஜீப் திரும்பியதும் மேளம் எழுந்தது. கோகிலவாணி லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். அவள் கோயிலடிக்கு வந்தபோது ராஜவேலு கவியாவைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றான். என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டான். "இங்கயேதான்" என்றாள். கவியா தாவி அவளிடம் வந்தாள்.

பூசாரி தீபம் காட்டினார். எல்லோரும் கைகூப்பினார்கள். ஒரு வாரமாக இந்த அம்மனிடம் ஒன்றையே கேட்டுக் கேட்டு நச்சரித்தவள், கேட்க ஒன்றும் இல்லாமல் நின்றாள். வெறுங்கையோடு நிற்பது மாதிரி கூச்சமாக இருந்தது. பிறகு நினைவு வந்தது. மலைப் பாதை, இருட்டு வருகிறது, பின்னால் கனமான பலாப்பழம் வேறு உருண்டுகொண்டிருக்கும். மேடம் கண்ணமங்கலம் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டாள்.